மலையிலிருந்து கண்டிப் பாடசாலை அடுப்புக்கு வரும் மரக்கறிக் கூடை: எதை எடுக்கலாம், எதை விடலாம்

வெலிமடை, நுவரெலியாப் பக்கத்துச் சிறு காணிக்காரர்கள் சிலர் சேர்ந்து, கண்டி நகரப் பாடசாலைகளுக்குச் சமைத்துக் கொடுப்பவர்களுக்கு நேரடியாக அனுப்பும் கூடை இது. ஞாயிறும் புதனும் பின்னேரம் லொறி வரும். குறைந்தது 25 கிலோ எடுக்க வேண்டும். குழுவின் பெயரைப் போடாமல் எழுதுகிறோம். கீழே வரும் குறைகளில் பாதி, இந்த மாதிரி விநியோகம் செய்கிற எல்லாரிடமும் இருப்பவை.

முதலில் நேரக் கணக்கு. தரம் 1 முதல் 5 வரையான பிள்ளைகளுக்குச் சாப்பாடு காலையிலேயே போய்ச் சேர வேண்டும் என்பதால் அடுப்பு விடியற்காலை நான்கு மணிக்கே எரியும். அன்று காலை வரும் மரக்கறி யாருக்கும் உதவாது. முதல் நாள் ஐந்து மணிக்குள் வந்தால்தான் கழுவி, சீவி, வெட்டி வைக்கலாம். இந்தக் குழு அதைப் புரிந்து வைத்திருக்கிறது. ஞாயிறு காலையில் பிடுங்குவது றம்பொடை, புசல்லாவை, கம்பளை வழியாக அன்றே இறங்கிவிடுகிறது. இதே கரட் வழக்கமான பாதையில் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்குப் போய், அங்கே கைமாறி, மறுபடி எழுபது கிலோமீற்றருக்கு மேல் ஓடிக் கண்டிச் சந்தைக்கு வரும்போது குறைந்தது ஒரு நாள் பழசு. கூடையின் உண்மையான இலாபம் இந்த ஒரு நாள்தான். விலையில் பெரிய வித்தியாசத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

பொதி பற்றி நல்லதாகவே சொல்லலாம். பிளாஸ்டிக் கூடையில் வருகிறது, உரச்சாக்கில் அமுக்கிக் கட்டுவதில்லை. சாக்கில் வரும் கோவாவில் அடியில் கிடப்பது நசுங்கி, வெளி இலை நாலைந்தைக் கழற்றி எறிய வேண்டிவரும். கூடையில் வந்தால் ஒன்றிரண்டு இலையோடு போகிறது. வெறுங்கூடையை அடுத்த லொறியில் திருப்பி அனுப்பாவிட்டால் பணம் பிடிப்பார்கள். அது நியாயம்தான்.

கரட்டில் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: கழுவாதது. நுவரெலியா வீதியோரத்தில் கழுவிப் பளபளவென்று குவித்து வைத்த கரட் கண்ணுக்கு அழகு. ஆனால் கழுவும்போது தோல் உராய்ந்து, ஈரம் காயாமல் அடைபடுவதால் இரண்டாம் நாளே மேலே வழுவழுப்புத் தட்டும். எந்தத் தண்ணீரில் கழுவினார்கள் என்பதும் தெரியாது. மண்ணோடு வந்தால் சமையலறையில் வேலை கூடும், ஆனால் புதன்கிழமைச் சமையல் வரை தாங்கும். இலையை மட்டும் காணியிலேயே வெட்டிவிடச் சொல்ல வேண்டும். இலை நின்றால் கிழங்கின் ஈரத்தை அது இழுத்துக் கரட்டைச் சோரப்பண்ணும். போதாததற்கு இலையின் நிறைக்கும் நீங்கள் காசு கொடுப்பீர்கள்.

நிறையில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். இலை நீக்கிய 10 கிலோ கரட்டைச் சீவினால் சுமார் 8 கிலோ கிடைக்கும். உருளைக்கிழங்கும் ஏறக்குறைய அப்படியே. 200 பிள்ளைகளுக்கு ஆளுக்கு 60 கிராம் மரக்கறி என்று பார்த்தால் வெட்டிய நிறையில் 12 கிலோ வேண்டும். ஆகவே 15 கிலோ சொல்ல வேண்டும். மழை நாளில் மண் ஒட்டி வந்தால் இன்னும் ஒரு கிலோ கூட்டுங்கள். 12 கிலோ சொல்லிவிட்டு, கடைசி வகுப்புக்குக் கறி எட்டவில்லை என்று குழுவைக் குறை சொல்வதில் பயனில்லை. மலிவென்று சின்னக் கரட்டை எடுப்பதும் கணக்கில் சரிவராது. விரல் அளவுக் கரட்டில் தோலோடு சதையும் போகும், சீவுகிற கைக்கும் இரண்டு மடங்கு நேரம்.

கூடையில் மிகவும் பிடித்தது லீக்ஸ். மிகவும் சிரமப்படுத்துவதும் அதுதான். தண்டு வெள்ளையாக நீள்வதற்காகச் செடியைச் சுற்றி மண் அணைக்கிறார்கள். அந்த மண் மடிப்புக்கு மடிப்பு உள்ளே இறங்கி இருக்கும். வெளியே எவ்வளவு தேய்த்தாலும் போகாது. வேர்ப்பக்கம் இரண்டு அங்குலத்தை விட்டுவிட்டு, மேலே நுனிவரை நீளவாக்கில் கீறி, விசிறி போல விரித்து, பெரிய பாத்திரத் தண்ணீரில் அலச வேண்டும். அலசியதும் லீக்ஸைத் தண்ணீரிலிருந்து தூக்கி எடுங்கள். பாத்திரத்தைச் சரித்துத் தண்ணீரை வடித்தால் அடியில் படிந்த மண் திரும்ப மடிப்புக்குள்ளேயே போய்விடும். இரண்டு தண்ணீர் போதும், மழைக்காலத்தில் மூன்று. பச்சை நுனியை எறியாதீர்கள். மெல்லியதாக அரிந்து, உருளைக்கிழங்கும் மஞ்சளும் சேர்த்து வதக்கினால் பிள்ளைகள் தின்பார்கள். நுனியை எறிகிற சமையலறைக்கு லீக்ஸ் விலை கட்டாது. சோற்றில் ஒரு தடவை மண் நறநறத்தால் போதும், அடுத்த ஒரு மாதம் லீக்ஸ் என்றாலே தட்டை ஒதுக்குவார்கள்.

இனி விட வேண்டியது: கீரை. மலைக் குளிரில் வெட்டியதைக் கண்டிச் சூட்டுக்கு இறக்கும்போது அது தாங்குவதில்லை. வாடாமல் இருக்கட்டும் என்று தண்ணீர் தெளித்து இறுக்கிக் கட்டுகிறார்கள். அதுதான் பிழை. வெட்டிய பிறகும் கீரை மூச்சுவிடும். கட்டின் நடுவே சூடு தேங்கும். ஈரமும் சேர்ந்தால் வெளி இலை பச்சையாகத் தெரிய, உள்ளே கறுத்து நாறும். கட்டுக்குள் கையை விட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் திருப்பி அனுப்புங்கள். கேட்டால் பணத்தைக் கழிக்கிறார்கள், ஆனால் அன்றைய சுண்டலுக்குக் கீரை இல்லை. பொன்னாங்காணி, வல்லாரை, கங்குன் மூன்றும் கண்டியைச் சுற்றிய தாழ்ந்த இடங்களிலேயே நன்றாக வருபவை. பக்கத்தில் பயிரிடும் ஒருவரிடம் வாரம் இரண்டு நாளைக்குப் பேசி வைப்பதே வழி. சுண்டலுக்குத் தேங்காய்ப்பூவைக் குறைக்க வேண்டாம். கீரையிலும் கரட்டிலும் உள்ள விற்றமின் ஏ சத்து உடம்பில் சேர எண்ணெய்த்தன்மை வேண்டும். தேசிக்காய்ப் புளியை இறக்கிய பிறகு விடுங்கள்.

சொல்லாமல் பொருளை மாற்றுவது அடுத்த குறை. போஞ்சி முடிந்தால் அந்த நிறைக்கு ராபு வைத்துவிடுகிறார்கள். ராபு வாடைக்குப் பிள்ளைகள் மூக்கைப் பொத்துவார்கள். மெல்லியதாக அரிந்து, உப்புப் பிரட்டி, பத்து நிமிடம் வைத்துப் பிழிந்து பால்கறி வைத்தால் ஓரளவு போகும். ஆனால் அந்தப் பத்து நிமிடமும் விடியற்காலையில் யாரிடமும் இல்லை. போஞ்சி இல்லாவிட்டால் பீட்ரூட் அல்லது கோவா, வேறெதுவும் வேண்டாம் என்று முதலிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். எழுதிக் கொடுத்தால் கேட்கிறார்கள்.

உருளைக்கிழங்கை வந்தவுடனேயே சாக்கு போட்டு மூடி இருட்டில் வையுங்கள். பச்சை தட்டியது, முளை விட்டது எதுவும் பிள்ளைகளின் சட்டிக்குள் போகக்கூடாது. அது கசப்போடு நிற்காது, வயிற்றையும் பிரட்டும்.

மருந்தடிப்பு விடயத்தில் இவர்கள் வைத்திருக்கும் கொப்பி பாராட்டத்தக்கது. எந்தக் காணி, எந்த மருந்து, அடித்த திகதி, பிடுங்கிய திகதி எல்லாம் அதில் இருக்கும். மருந்தடித்த பிறகு பிடுங்குவதற்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று போத்தலில் போட்டிருப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால் கூடையில் ஒட்டும் ‘நஞ்சற்றது’ என்ற சீட்டை நம்பிப் பெற்றாருக்கு எதுவும் சொல்லிவிடாதீர்கள். விவசாயத் திணைக்களத்தின் நல்ல விவசாயச் செயன்முறைச் சான்றிதழ் காணிக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். எல்லாக் காணிக்கும் இல்லை.

கூடை முழுத் தட்டையும் நிரப்பாது. அரிசி கீழ்நாட்டிலிருந்துதான் வர வேண்டும். மைசூர்ப் பருப்பு கடல் கடந்து வருவது. வாரம் இரண்டு நாள் பருப்புக்குப் பதிலாகப் பயறோ கௌபியோ வைத்தால் தட்டில் உள்ளூர்ப் பங்கு கூடும். இதே லொறி நுவரெலியா நகரத்திலும் இறக்குவதால் அங்குள்ளவர்களுக்கு ஒரு குறிப்பு. 1,868 மீற்றர் உயரத்தில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். கண்டியில் அரை மணியில் மசியும் கௌபி அங்கே மசியாது, விறகுதான் தீரும். குளிர்ந்த தண்ணீரில் ஊறவும் நேரமெடுக்கும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறப்போட்டு, பிரஷர் குக்கரில் வையுங்கள்.

பணம் கிழமைக்குக் கிழமை கேட்கிறார்கள். பாடசாலை உணவுக்கான கொடுப்பனவோ தாமதமாகவே கைக்கு வரும். இடையில் கைக்காசு போட முடியாதவர்களுக்கு இந்தக் கூடை சரிவராது. இரண்டு கிழமைத் தவணை கேட்டுப் பாருங்கள், பழக்கமானவர்களுக்குக் கொடுக்கிறார்கள். மழையில் றம்பொடைப் பக்கம் மண் சரிந்தால் லொறி வராது. அதற்காகப் பூசணியும் உருளைக்கிழங்கும் ஒரு நாளைக்குப் போதுமான அளவு எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்.

விடுமுறைதான் இரண்டு பக்கமும் முட்டுகிற இடம். ஏப்ரலில் பாடசாலை பூட்டிக் கிடக்கும், காணியில் கோவா முற்றி வெடிக்கும். கரட்டும் கோவாவும் ஏறக்குறைய மூன்று மாதப் பயிர், லீக்ஸ் அதைவிடக் கூடுதல். ஆகவே பாடசாலைத் தவணைத் திகதிகள் வெளியான கையோடு அவை உள்ள கடிதத்தைப் படம் பிடித்து அவர்களுடைய வட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். லீக்ஸ் நாற்று நடுகிறவர் அதைப் பார்த்துத்தான் எத்தனை பாத்தி என்று முடிவு செய்கிறார்.