எர்மியோன் மரக்கப்பல் கிட்: மரம் நன்று, நூல் மட்டம்

எர்மியோன் என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பலின் சிறு மாதிரியை மரத்தில் நாமே கட்டுவதற்கான பாகங்களின் தொகுப்புதான் இந்தக் கிட். நிஜக் கப்பல் மிதந்தது வெறும் 14 ஆண்டு. 1779-இல் பிரான்சின் ரோஷ்ஃபோரில் நீரில் இறக்கினார்கள். அடுத்த ஆண்டே, அமெரிக்க விடுதலைப் போருக்கு உதவிய பிரெஞ்சுத் தளபதி லாஃபாயெட்டை ஏற்றிக்கொண்டு 38 நாளில் பாஸ்டன் சேர்ந்தது. 1793-இல் பிரான்சின் கடலோர ஊரான லெ க்ருவாசிக் அருகே பாறையில் மோதி மூழ்கியது. எதிரிக் குண்டு இல்லை, வழிகாட்டியின் தவறு. போர்க்கப்பலுக்கு இப்படியா சாவு வரும்!

சரி, கிட்டுக்கு வருவோம். பக்கவாட்டுப் பலகைகள் அருமை. வெந்நீரில் ஊறவைத்தால் முகப்பு வளைவுக்கு முறியாமல் வளைந்து கொடுக்கின்றன. உப்புத்தாள் போட்டால் ரேகை தெளிவாகத் தெரிகிறது. 12 பவுண்டு குண்டு எறியும் பீரங்கிகளின் மாதிரிகள் 26-ம் பித்தளை வார்ப்பு, ஒன்றில்கூட பிசிறு இல்லை.

பாய்மரக் கயிற்றுக்குக் கொடுத்த நூல்தான் படுமோசம். முடிச்சுப் போட்டதும் பஞ்சாகப் பிரிகிறது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, தையல் நூலில் மெழுகு தேய்த்துக் கட்டினேன். விளக்கப் புத்தகத்தில் பாய்மரப் பக்கங்கள் மட்டும் அவசரக் கோலம். ரோஷ்ஃபோரில் கட்டி 2014-இல் கடலுக்கு விட்ட முழு அளவு நகலின் படங்களைப் பார்த்துத்தான் சமாளித்தேன்.

முதல் கப்பலாக இதை வாங்காதீர்கள். ஓரிரண்டு கட்டிப் பழகியவர் என்றால் தாராளமாக வாங்கலாம், நூலுக்குத் தனியாகக் காசு ஒதுக்கிவிட்டு.