க்ரீன் கார்டு: காத்துக்கொள்வதா, ஒப்படைத்துவிட்டு மீண்டும் பெறுவதா?

பிள்ளைகள் அமெரிக்காவிலும் வயதான பெற்றோர் வேறொரு நாட்டிலுமாக, அல்லது கணவர் ஒரு கரையிலும் மனைவியும் குழந்தைகளும் மறு கரையிலுமாக வாழ நேரும் குடும்பங்களில், க்ரீன் கார்டு என்னும் அமெரிக்க நிரந்தர வசிப்புரிமை அட்டை நிம்மதியையும் கவலையையும் ஒருசேரத் தருகிறது. "ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்த் தலையைக் காட்டிவிட்டு வந்தால் போதும்" என்ற அறிவுரையை இத்தகைய குடும்பங்கள் யாரிடமிருந்தாவது கேட்டிருக்கும். அதில் பாதிதான் உண்மை. ஓராண்டுக்குக் குறைவான பயணத்திலிருந்து திரும்புபவருக்கு அந்த அட்டையே நுழைவு ஆவணமாகச் செல்லும். ஆனால் அட்டை செல்வது வேறு, நிரந்தர வசிப்புரிமை நிலைப்பது வேறு. 180 நாட்களைத் தாண்டி வெளியே இருந்தவரைப் புதிதாக நுழைவு கோருபவராகக் கருதி விசாரிக்க சட்டம் இடமளிக்கிறது. அதற்குள் திரும்பியவரிடமும், உண்மையில் அவர் வசிப்பது எங்கே என்று எல்லை அதிகாரி கேட்கலாம்.

கனடாவில் கணக்கு எளிது: நிரந்தர வசிப்பாளர் ஐந்தாண்டுகளில் 730 நாட்கள் அங்கே இருக்க வேண்டும். அமெரிக்கச் சட்டத்தில் அப்படி ஓர் எண்ணிக்கை இல்லை. வெளிநாட்டுப் பயணம் தற்காலிகமானதா, திரும்பி வரும் எண்ணம் இடைவிடாமல் இருந்ததா என்பதே அங்கு கேள்வி. அந்த எண்ணத்தை வீடு, வேலை, வங்கிக் கணக்கு, குடும்பத்தினர் இருக்கும் இடம், வரிக் கணக்கு ஆகியவற்றைக் கொண்டு எடைபோடுகிறார்கள். வரியை மிச்சப்படுத்த எண்ணி, அமெரிக்காவில் வசிக்காதவர் என்று கணக்குத் தாக்கல் செய்தவர்கள், தங்கள் உரிமைக்கு எதிரான சான்றைத் தாங்களே எழுதிக் கொடுத்தவர்கள் ஆகிறார்கள்.

இந்தப் பின்னணியில் குடும்பங்களின் முன் நான்கு வழிகள் இருக்கின்றன. எது நல்லது என்பதற்கான விடை, பெரும்பாலும் அந்தக் குடும்பத்தில் அமெரிக்கக் குடிமக்கள் யார் என்பதைப் பொறுத்தே அமைகிறது என்பது என் கருத்து.

முதலாவது ரீ-என்ட்ரி பெர்மிட், அதாவது மீண்டும் நுழைவதற்கான முன் அனுமதி. ஓராண்டுக்கு மேல் வெளியே இருக்க நேரும் என்று முன்கூட்டியே தெரிந்தவர்கள் ஐ-131 படிவத்தின் மூலம் இதற்கு விண்ணப்பிக்கிறார்கள். கிடைத்தால் இரண்டாண்டுகள் செல்லும். நிரந்தர வசிப்புரிமை பெற்றபின் கடந்த ஐந்தாண்டுகளில் மொத்தமாக நான்காண்டுகளுக்கு மேல் வெளியே இருந்தவர்களுக்குப் பொதுவாக ஓராண்டு மட்டுமே தருவார்கள். இதை நீட்டிக்க முடியாது. அதன் காலம் முடிந்துவிட்டால் மறுபடி அமெரிக்காவுக்கு வந்து புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். 2024 ஏப்ரல் முதல் கட்டணம் 630 டாலர். விண்ணப்பம் சேரும் நாளில் விண்ணப்பதாரர் அமெரிக்க மண்ணில் இருந்தாக வேண்டும் என்ற விதியில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஊருக்குப் போன பிறகு, அங்கிருந்தே அனுப்பிவிடலாம் என்று எண்ணியவர்களுக்கு அந்தக் கதவு அடைபட்டுவிடுகிறது. விண்ணப்பித்த சில வாரங்களில் கைரேகைப் பதிவுக்கு அழைப்பு வரும். அதையும் முடித்துவிட்டுப் புறப்படுவதே பாதுகாப்பானது. பெர்மிட்டை வெளிநாட்டிலுள்ள அமெரிக்கத் தூதரகத்துக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்ளலாம். திடீரென்று வரும் ஒரு தொலைபேசி அழைப்புக்குப் பெட்டியைக் கட்டுபவர்களுக்கு இத்தனையும் சுமைதான். இருந்தும், ஊரில் நோயுற்றவரை நீண்ட காலம் கவனிக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தால் பயணத்தைச் சில வாரம் தள்ளிப்போட்டாவது இதைச் செய்துவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். பெர்மிட் இருந்தால், வெளியே கழித்த காலத்தின் நீளத்தை மட்டும் காரணம் காட்டி உரிமையைக் கைவிட்டதாகச் சொல்ல முடியாது. ஆனால் குடியுரிமைக்கான தொடர் வசிப்புக் கணக்கை அது காப்பாற்றாது என்பதைப் பலர் பிற்பாடுதான் அறிகிறார்கள்.

இரண்டாவது வழி, பெர்மிட் இல்லாமல் ஓராண்டைத் தாண்டிவிட்டவர்களுக்கானது. திரும்பி வரும் வசிப்பாளருக்கான எஸ்பி-1 விசாவுக்கு, டிஎஸ்-117 படிவத்துடன் 180 டாலர் கட்டித் தூதரகத்தில் மனுச் செய்ய வேண்டும். புறப்பட்டபோது சட்டப்படி நிரந்தர வசிப்பாளராக இருந்ததையும், திரும்பும் எண்ணத்துடன் புறப்பட்டு அதை ஒருபோதும் கைவிடாததையும், தங்கல் நீண்டது தம் கைமீறிய காரணத்தால்தான் என்பதையும் நிறுவ வேண்டும். இவற்றுள் மூன்றாவதுதான் கடினமானது.

என் சித்தி இரண்டு மாதப் பயணமாகப் போனவர். போன மூன்றாவது வாரம் மாடிப்படியில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. முதல் அறுவைச் சிகிச்சையில் தொற்று ஏற்பட்டு, இரண்டாவதும் செய்து, அவர் ஊன்றுகோலுடன் நடக்கவே பதினான்கு மாதங்கள் ஆகிவிட்டன. நேர்காணலில் அதிகாரி மருத்துவமனைக் காகிதங்களை வேகமாகப் புரட்டிவிட்டு, மூன்று முறை தேதி மாற்றப்பட்ட திரும்பும் பயணச்சீட்டின் பக்கத்தில்தான் நெடுநேரம் நிறுத்தினார் என்று சித்தி சொன்னார். ஒவ்வொரு மாற்றத்தின் தேதியும் ஒரு மருத்துவரின் கடிதத் தேதியோடு ஒத்துப்போனது. வாடகை வீட்டின் ஒப்பந்தமும் அந்தக் காலம் முழுவதும் நடப்பில் இருந்தது. விசா கிடைத்தது. அதே ஆண்டில், தெரிந்த இன்னொருவர், ஊரில் வீடு கட்டி முடிக்க வேண்டியிருந்தது என்று காரணம் எழுதி மறுக்கப்பட்டார். வீடு கட்டுவது நல்ல காரியம்தான், ஆனால் அது அவரே தேர்ந்துகொண்ட ஒன்று. 2020 மார்ச்சில் வழக்கமான சர்வதேச விமானங்கள் நின்றபோது சிக்கியவர்களின் காரணம் வலுவானதாக இருந்தது. மாற்று விமானங்கள் பறக்கத் தொடங்கியபின் மாதங்கள் செல்லச்செல்ல அந்த வலு குறைந்தது.

எஸ்பி-1 மறுக்கப்பட்டால் முறையான மேல்முறையீடு கிடையாது. அதனால் சிலர், விமானத்தில் ஏற முடிந்தால், நேரே எல்லையில் போய் நிற்கத் துணிகிறார்கள். அங்கே அவர்கள் முன் வைக்கப்படக்கூடிய படிவம் ஐ-407; அதில் கையெழுத்திட்டால் உரிமையைத் தாமே கைவிட்டதாகும். நள்ளிரவில் வந்திறங்கி, மொழியும் பிடிபடாமல் நிற்கும் ஒரு முதியவர் அதில் ஒப்பமிட்டுவிடுவது எளிது. அது தன்விருப்பப் படிவம். மறுத்துவிட்டு, குடியேற்ற நீதிபதியின் முன் விசாரணை கோரலாம். அங்கே கைவிட்டதை நிரூபிக்கும் பொறுப்பு அரசைச் சேர்ந்தது. இறுதி ஆணை வரும்வரை அவர் நிரந்தர வசிப்பாளரே. பெற்றோர் தனியாகப் பயணம் செய்வதாக இருந்தால், இந்த ஒரு செய்தியையாவது பிள்ளைகள் தாய்மொழியில் எழுதிக் கையில் கொடுத்தனுப்ப வேண்டும்.

மூன்றாவது வழியைப் பலர் தோல்வி என்று நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஐ-407-ஐத் தாமே முன்வந்து தாக்கல் செய்து, பிறகு சுற்றுலா விசாவில் வந்துபோவது என்பதே அது. 21 வயது நிறைந்த மகனோ மகளோ அமெரிக்கக் குடிமகனாக இருந்தால், பெற்றோர் எண்ணிக்கை வரம்பில்லாத பிரிவில் வருகிறார்கள். நாளை நிலையாகக் குடியேற விரும்பும்போது பிள்ளை, உறவினரை அழைப்பதற்கான ஐ-130 மனுவை மறுபடி போடலாம். நேர்மையாக ஒப்படைத்தது அதற்குத் தடையாகாது. மருத்துவப் பரிசோதனையும் பிள்ளையின் ஆதரவு உறுதிமொழியும் ஓராண்டுக்கு மேலான காத்திருப்பும் மீண்டும் உண்டு. அப்படியிருந்தும், ஊரில் தோழியரும் கோயிலும் மருத்துவரும் உள்ள ஓர் எழுபது வயதுத் தாயை, அட்டைக்காக ஆண்டுக்கு இருமுறை இருபது மணி நேரம் விமானத்தில் உட்காரவைப்பதைவிட இது மேலானது.

ஆனால் இதே வழி, உடன்பிறந்தவரின் மனுவால் வந்தவருக்குப் பெரும் இழப்பாகிவிடும். அந்தப் பிரிவில் ஆண்டு வரம்பு 65,000 மட்டுமே. இந்தியர்களின் வரிசை பத்தாண்டுகளுக்கும் மேலாக நீள்கிறது. வேலை வழியாகப் பெற்றவருக்கும் இன்னொரு நிறுவனம் மீண்டும் மனுச் செய்தாக வேண்டும். மனைவிக்காகவோ குழந்தைக்காகவோ க்ரீன் கார்டு வைத்திருப்பவர் போட்ட மனு, அவருடைய உரிமை முடிந்ததும் தானே ரத்தாகிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. கடைசிப் பதினைந்து வரி ஆண்டுகளில் எட்டு ஆண்டுகள் க்ரீன் கார்டு வைத்திருந்தவர்கள், ஒப்படைக்குமுன், அப்படி விலகுவோர்மீது விதிக்கப்படக்கூடிய வெளியேற்ற வரியின் விதிகளைக் கணக்கரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

நான்காவது வழி குடியுரிமை. அதற்குப் பொதுவாக க்ரீன் கார்டு பெற்றபின் ஐந்தாண்டுகள், அதில் 30 மாதங்கள் அமெரிக்காவில் நேரில் வசிப்பு. குடிமகனின் துணையாக அவருடன் வாழ்பவருக்கு மூன்றாண்டுகள், 18 மாதங்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட ஒரே பயணம் தொடர்ச்சியைச் சந்தேகத்துக்குள்ளாக்கும். ஓராண்டு என்றால் முறித்தேவிடும். குடியுரிமை கிடைத்துவிட்டால் எத்தனை ஆண்டுகள் எங்கே இருந்தாலும் கேள்வியில்லை. நாடு நாடாகப் பிரிந்து வாழும் குடும்பத்துக்கு இதைவிட உறுதியான தீர்வு வேறில்லை. அமெரிக்க நிறுவனத்தின் பணியில் வெளிநாடு அனுப்பப்படும் குடிமகனின் துணை, வசிப்புக் காலம் பூர்த்தியாகாமலே விண்ணப்பிக்கத் தனி ஏற்பாடும் இருக்கிறது. இந்தியர்கள் செலுத்தும் விலை இந்தியக் குடியுரிமை. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை பயணத்தை எளிதாக்கும், வாக்குரிமையைத் தராது. விவசாய நிலம் வாங்கவும் அனுமதிக்காது. அந்த இழப்பைப் பொருட்படுத்தாதவர்களும் உண்டு, கடைசிவரை மனம் ஒப்பாதவர்களும் உண்டு. இரு தரப்பையும் நான் மதிக்கிறேன்.

குழந்தைகளைப் பற்றி ஒன்று. சிறு பிள்ளைகளுக்குத் தனி எண்ணம் இருப்பதாகச் சட்டம் கருதுவதில்லை. பெற்றோர் வசிப்புரிமையைக் கைவிட்டதாக முடிவானால், அவர்களுடைய பொறுப்பில் வாழும் பிள்ளையும் கைவிட்டதாகவே கொள்ளப்படும். மாறாக, க்ரீன் கார்டு உள்ள தாய் தற்காலிகப் பயணத்தின்போது வெளிநாட்டில் பெற்ற குழந்தையை, இரண்டு வயது நிறைவதற்குள், தன் முதல் திரும்பும் பயணத்தில் விசா இல்லாமலே அழைத்துவரலாம். குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிட்டுத் தாய் மட்டும் ஒருமுறை வேலைக்காக வந்து போய்விட்டால் இந்தச் சலுகை கைநழுவிவிடும். பிறகு அந்தக் குழந்தைக்கும் மனு, வரிசை, காத்திருப்பு என்று எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.