வாரிய வீடு வாங்கித் தருவதாகச் சொல்லி எங்களிடம் 1,85,000 ரூபாய் பெற்றுக்கொண்டவரைப் பற்றி

சென்னையில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்க எண்ணுபவர்கள், அதிலும் ‘உள்ளே ஆள் இருக்கிறது’ என்று சொல்லும் ஒருவர் வழியாக விண்ணப்பிக்க எண்ணுபவர்கள், இதைப் படித்த பிறகு பணத்தை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். 2022 ஜூன் முதல் 2023 ஆகஸ்டு வரை நான்கு தவணையாக நாங்கள் கொடுத்த 1,85,000 ரூபாயில் இதுவரை திரும்பி வந்தது 20,000 மட்டுமே.

நான் திருவல்லிக்கேணியில் ஒரு சிறிய அச்சகத்தில் வேலை செய்கிறேன். திருமண அழைப்பிதழ்களிலும் பில் புத்தகங்களிலும் பெயர்ப்பிழை, தேதிப்பிழை பார்ப்பது என் பொறுப்பு. மனைவி வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறாள். இருவர் வருமானத்தையும் சேர்த்தாலும் ஆண்டுக்கு 3 இலட்சத்தைத் தாண்டாது. எங்கள் குடும்பத்தில் எவர் பெயரிலும் எங்கும் வீடு கிடையாது. ஆகவே பிரதமரின் வீட்டுவசதித் திட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கும் தகுதி எங்களுக்கு உண்மையாகவே இருந்தது. தகுதியில்லாதவர்கள்தாம் தரகரைத் தேடிப் போவார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். தகுதியுள்ளவர்களைத்தான் அவர் தேடி வந்தார்.

பையனின் பள்ளிக்காக வருமானச் சான்றிதழ் எடுக்க இ-சேவை மையத்தில் மனைவி காத்திருந்தபோது அவராகவே வந்து பேச்சுக் கொடுத்திருக்கிறார். முதல் மூன்று வாரங்கள் ஒரு ரூபாய்கூடக் கேட்கவில்லை. ஆதார் அட்டை, குடும்ப அட்டை, வருமானச் சான்றிதழ், சொந்த வீடு இல்லை என்னும் உறுதிமொழி ஆகியவற்றைக் கேட்டார். இவையெல்லாம் உண்மையான விண்ணப்பத்துக்கும் தேவைப்படுபவையே. வீடு பெண்ணின் பெயரில்தான் ஒதுக்கப்படும் என்றார், மத்திய அரசு ஒரு வீட்டுக்கு 1.5 இலட்சம் தருகிறது என்றார், அதனோடு மாநில அரசின் பங்கும் போக மீதியைப் பயனாளி கட்ட வேண்டும் என்றார். நான் இரண்டொரு இடத்தில் விசாரித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அவர் சொன்னவற்றில் இரண்டே பொய்கள் இருந்தன. சட்டமன்ற உறுப்பினர் கோட்டாவில் வீடுகள் இருக்கின்றன என்பது ஒன்று, பயனாளியின் பங்கைத் தம் கையில் ரொக்கமாகத் தர வேண்டும் என்பது மற்றொன்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைப் பெரும்பாக்கத்துக்கு அழைத்துச் சென்று, எட்டடுக்குக் கட்டடம் ஒன்றின் நான்காம் மாடியில் பூட்டிய கதவொன்றைக் காட்டி, இதுதான் என்றார். மனைவி சன்னல் வழியாக அடுப்படியை எட்டிப் பார்த்து, தையல் இயந்திரத்தை எங்கே வைக்கலாம் என்று என்னிடம் கேட்டாள். அங்குள்ள வீடுகள் பெரும்பாலும் கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களுக்காகக் கட்டப்பட்டவை என்பதோ, பூட்டியிருக்கும் வீடெல்லாம் ஆளில்லாத வீடு அல்ல என்பதோ அன்று எங்களுக்குத் தெரியாது.

‘பதிவுக்கு’ 5,000, அடுத்து 50,000, நகையை அடகு வைத்து 80,000 என்று கொடுத்தோம். வங்கி வரைவோலையாகத் தருகிறேன் என்று நான் ஒருமுறை சொன்னபோது, ஒதுக்கீட்டுக்கு முன்பே வரைவோலை எடுத்தால் கோட்டா இரத்தாகிவிடும் என்றார். அந்த இடத்திலேயே நான் எழுந்து வந்திருக்க வேண்டும். இருமுறை காமராசர் சாலையில் உள்ள வாரியத் தலைமை அலுவலகத்துக்கும் கூட்டிச் சென்றார். எங்களை எதிரே தேநீர்க் கடையில் உட்கார வைத்துவிட்டு, அவர் மட்டும் உள்ளே போய், அரைமணி நேரம் கழித்து ஒரு கோப்புடன் வெளியே வருவார். அந்த அலுவலகம் என் அச்சகத்திலிருந்து நடந்தே போகக்கூடிய தொலைவுதான். பதினான்கு மாதங்களில் ஒருநாள்கூட நான் அதற்குள் போய்க் கேட்கவில்லை.

2023 ஆகஸ்டில் ஒதுக்கீட்டு ஆணை என்று ஒரு தாளைக் கொடுத்து, கடைசி 50,000 ரூபாயை ஜிபேயில் வேறொரு பெண்ணின் எண்ணுக்கு இரண்டு முறையாக அனுப்பச் சொன்னார். ஆவணியில் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சுவதற்காகப் பானையும் குத்துவிளக்குமாகப் பெரும்பாக்கம் போனோம். கதவைத் திறந்த பெண்ணுக்கு வியப்பே இல்லை. “நீங்க மூணாவது குடும்பம்மா” என்று சொல்லிவிட்டு, உள்ளே உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். கூவம் கரையிலிருந்து மாற்றப்பட்டுப் பல ஆண்டுகளாக அங்கே வசிப்பவர் அவர்.

மறுநாள் வாரிய அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அலுவலர் ஆணையை வாங்கித் தலைப்பைப் பார்த்த மாத்திரத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார். முத்திரையிலும் தலைப்பிலும் ‘தமிழ்நாடு குடிசைப் பகுதி மாற்று வாரியம்’ என்று இருந்தது. 1970இல் தொடங்கப்பட்டபோது வைக்கப்பட்ட அந்தப் பெயர் 2021இலேயே மாற்றப்பட்டுவிட்டது. தாளில் இருந்த தேதியோ 2023. பேச்சுவழக்கில் எல்லோரும் இன்னும் பழைய பெயரையே சொல்வதால் அது என் கண்ணில் படவில்லை. பிறர் வீட்டு அழைப்பிதழில் ஓர் ஒற்றெழுத்து விடுபட்டாலும் கண்டுபிடிப்பவன் நான். கோட்டா என்று எதுவும் கிடையாது என்றும், பயனாளியின் பங்கை வாரியத்தின் பெயரில் செலுத்தி ரசீது பெற வேண்டுமே தவிரத் தனி ஆளிடம் தரக்கூடாது என்றும் அவர் பொறுமையாகவே விளக்கினார்.

காவல் நிலையத்தில் ஆய்வாளர் கேட்ட முதல் கேள்வி, கோட்டா என்று தெரிந்தே கொடுத்தீர்களே, வரிசையில் நிற்கும் மற்றவர்களை முந்துவதற்குத்தானே என்பது. அதற்கு என்னிடம் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை. புகாரை எடுத்துக்கொண்டு மனு ஏற்பு ரசீது கொடுத்தார்கள். ரொக்கமாகக் கொடுத்த 1,35,000 ரூபாய்க்குச் சான்று ஏதும் இல்லாததால், ஜிபேயில் அனுப்பிய 50,000 மட்டுமே பிடிமானமாக நிற்கிறது. ஜிபே எண்ணுக்குரிய அந்தப் பெண்ணை விசாரணைக்கு அழைத்த பிறகுதான் 20,000 வந்தது.

எங்களிடம் பணம் வாங்கியவர் இன்னும் இ-சேவை மையங்களின் வாசலில் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பதாகக் கேள்விப்படுகிறேன். யாராவது ஒதுக்கீட்டு ஆணை என்று எதையாவது கொடுத்திருந்தால், தலைப்பில் உள்ள வாரியத்தின் பெயரைப் பார்த்துவிட்டு, அசலை எடுத்துக்கொண்டு நேரே காமராசர் சாலை அலுவலகத்துக்குப் போய்க் காட்டுங்கள். அவரை உடன் அழைத்துச் செல்ல வேண்டாம். எங்களுக்குக் கொடுத்ததைப் போன்ற தாள் உங்களிடமும் இருந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். புகார்கள் கூடினால் ரொக்கத்துக்குச் சாட்சி கிடைக்கும் என்று ஆய்வாளர் சொல்லியிருக்கிறார். எங்களுக்கு முன்னால் அதே கதவைத் தட்டிய இரண்டு குடும்பங்கள் யாரென்று இன்னும் தெரியவில்லை.