பெரிய கொடுவாவுக்கு ரப்பர் இரையா, கடின இரையா?

கொழும்பிலிருந்து பொல்கொட ஏரிக்குத் தூண்டிலோடு கிளம்பும் பலருக்கும், கொடுவா மீனுக்கு எந்தப் போலி இரையைப் போடுவது, மென்மையான ரப்பர் மீனா, கடின பிளாஸ்டிக் மீனா என்ற குழப்பம் உண்டு.

செலவு: ரப்பர் ஒன்று போனால் பெரிய நட்டமில்லை. கடின பிளாஸ்டிக் மீன் கண்டல் வேரில் சிக்கி அறுந்தால் மனசு வலிக்கும்.

நீடித்து உழைப்பது: இங்கே கடின மீன்தான். ரப்பர் வாலைப் பேத்தை மீன் ஒரே கடியில் நறுக்கிவிடும். ஆனால் கடின மீனின் மும்முனைக் கொக்கி உவர்நீரில் துருப்பிடிக்கும், வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். அப்புறம், இரண்டையும் ஒரே பெட்டியில் போடாதீர்கள். ரப்பர் இளகி ஒட்டிக்கொள்ளும்.

பெரிய மீன்: கொடுவா இரையைத் தண்ணீரோடு உறிஞ்சி விழுங்கும். மெதுவான ரப்பர் அதன் வாய்க்குள் எளிதாகப் போகும். கொக்கி முனையை ரப்பருக்குள் புதைத்துவிட்டால், பெரியவை ஒளிந்திருக்கும் வேர்களுக்கு நடுவிலேயே போடலாம். 4 அல்லது 5 அங்குலத்தில், துடுப்பு வால் உள்ளதே என் தேர்வு.

பாணந்துறை முகத்துவாரம் போன்ற திறந்த நீரில் தூரம் எறிந்து தேட, கடின மீன். கண்டல் ஓரத்துக்கு ரப்பர். எதில் பட்டாலும் சரி, மிகப் பெரிய கொடுவா பெரும்பாலும் பெண். இந்த இனம் ஆணாக வளர்ந்து பிறகு பெண்ணாக மாறுகிறது. அதைத் தயவுசெய்து திரும்ப விடுங்கள்.