பல கோடுகள், ஒரே படம்: மேட்பிளாட்லிப் எப்படி?

வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்தம் எல்லாவற்றையும் ஒரே படத்தில் கொண்டுவர எனக்குக் கைகொடுப்பது மேட்பிளாட்லிப்தான். ஜான் ஹண்டர் உருவாக்கி 2003-இல் வெளியான, வரைபடம் வரைய உதவும் இலவச பைத்தான் நிரல்மொழி நூலகம் இது.

ஒரே அலகில் உள்ள கோடுகள் என்றால் வேலை சுலபம். ஒரே அச்சில் பிளாட் கட்டளையைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் போதும், ஒவ்வொரு கோடும் தானாக வேறு நிறம் எடுத்துக்கொள்ளும். ஆனால் அந்த நிறங்கள் 10தான். பதினொன்றாவது கோடு மறுபடி நீலத்துக்கே வந்துவிடும். நாலைந்து கோட்டைத் தாண்டினாலே நான் சிலவற்றைப் புள்ளிக்கோடாக மாற்றிவிடுவேன். கறுப்பு வெள்ளையில் அச்சடித்தாலும் பிரித்துப் படிக்கலாம்.

அலகு வேறுபட்டால்? ட்வின்எக்ஸ் கட்டளை போட்டு வலப்பக்கம் இன்னொரு அளவுகோல் வைக்கலாம். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்துக்கு அர்த்தமே கிடையாது, ஆனால் படிப்பவர் கண் அங்கேதான் போகும். எந்தக் கோடு எது என்று சொல்லும் லெஜண்டையும் நாமே ஒன்றாகச் சேர்க்க வேண்டும்.

அதைவிட, ஒரே படத்தைப் பல கட்டங்களாகப் பிரிக்கும் சப்பிளாட்ஸ் எவ்வளவோ மேல். மூன்று வரிசை, கூடவே எல்லாவற்றுக்கும் ஒரே கிடை அச்சைத் தரும் ஷேர்எக்ஸ். மேலே வெப்பநிலை சட்டென்று இறங்கும்போது ஈரப்பதம் ஏறுவது நேர்கீழே தெரியும். ஒன்றைப் பெரிதாக்கினால் மற்றவற்றின் நேர அச்சும் சேர்ந்தே மாறும். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் லேஅவுட்டை ‘கன்ஸ்ட்ரெயின்ட்’ என்று கொடுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். அப்புறம், சேமிக்கும்போது பிஎன்ஜி வேண்டாம். எஸ்விஜி அல்லது பிடிஎஃப் எடுங்கள், எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு உடையாது.