செப நாட்குறிப்பு: மூன்று மாதம் எழுதிப் பார்த்த பிறகு

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன்: தாள் மெல்லிசு, மைப் பேனாவில் எழுதினால் பின்பக்கம் ஊறிவிடும். பைண்டிங்கும் இரண்டாம் மாதமே விட்டுப்போய்விட்டது, இப்போது ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறேன்.

ஆனாலும் உள்ளே இருக்கும் அமைப்புக்காகவே இன்னொன்று வாங்குவேன். 16-ஆம் நூற்றாண்டில் இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையைத் தொடங்கிய புனிதர் லொயோலா இஞ்ஞாசியார் சொல்லிக்கொடுத்த, இரவில் அன்றைய பொழுதைக் கடவுளோடு உட்கார்ந்து திரும்பிப் பார்க்கிற செபம் இருக்கிறதல்லவா, அதன் 5 படிகளும் ஒரே பக்கத்தில்: நன்றி, தெளிவு கேட்பது, நடந்ததை ஓட்டிப் பார்ப்பது, மன்னிப்பு, நாளைக்கான தீர்மானம். வேலை, குடும்பம், ஆன்மிகம் என்று தனித்தனிக் கட்டம் கிடையாது. மற்ற டைரிகளில் எனக்கு எரிச்சலே அதுதான், கடவுளுக்கு ஏதோ ஒரு மூலையை ஒதுக்கின மாதிரி.

ஒரு நாள் எழுதியது: "காலையில் பிள்ளையிடம் கத்தினேன். பஸ்ஸில் யாரோ இடம் கொடுத்தார். ஆபீஸில் படிக்காத ஃபைலைப் படித்துவிட்டேன் என்றேன்." மூன்றும் அடுத்தடுத்து விழுந்த பிறகுதான் தெரிந்தது, கத்தினதும் அந்தப் பொய்யும் ஒரே அவசரத்தின் பிள்ளைகள், நடுவில் அந்த இருக்கை மட்டும் கேட்காமலே கிடைத்த அருள். அப்புறம் எழுந்து போய்ப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன். தூக்கக் கலக்கத்தில் "சரி சரி, லைட்டை அணைங்கப்பா" என்றான்.

பதினைந்து நிமிடம் போதும். அசதியான நாளில் நன்றியோடு நிறுத்திவிடுவேன். வாரக் கடைசியில் 'உங்கள் விசுவாசத்துக்கு மதிப்பெண்' என்று ஒரு பக்கம் வருகிறது, அதை மட்டும் கிழித்துவிட்டேன். செபத்துக்கு எதற்கு மார்க்?