பெர்க், டாப்கான்: ஒட்டுத்தாளில் 540 வாட், மொட்டை மாடியில் எவ்வளவு?

மதுரையிலோ வேலூரிலோ வீட்டு மாடியில் சோலார் அமைக்க விரும்புகிறவரிடம் இன்று பெரும்பாலும் இரண்டு வகைப் பேனல்கள் காட்டப்படுகின்றன: பல ஆண்டுகளாகப் புழக்கத்திலுள்ள மோனோ பெர்க், அதற்குப் பின் சந்தையைப் பிடித்த டாப்கான். இரண்டிலும் 540 வாட் என்று எழுதியிருந்தால், சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளியும், பேனலில் மின்சாரம் தயாரிக்கும் சில்லுகளான செல்களின் வெப்பநிலை 25 டிகிரியும் உள்ள ஆய்வுக்கூடத்தில் இரண்டும் ஒரே அளவு மின்சாரம் தந்தன என்றே பொருள். டாப்கானுக்குத் திறன் விழுக்காடு அதிகம் என்பது உண்மைதான். ஆனால் அது அதே வாட்டைச் சற்றுக் குறைந்த இடத்தில் தருவதைக் குறிக்குமேயன்றி, இடம் தாராளமாக உள்ளவருக்கு அதனால் ஒரு யூனிட்கூட அதிகம் கிடைக்காது.

உண்மையான வேறுபாடு வெயிலில் தெரிகிறது. சித்திரை மாத நண்பகலில் செல்லின் சூடு 60 டிகிரியை எளிதில் தொடும். 25க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் பெர்க் ஏறத்தாழ 0.35 விழுக்காடும், டாப்கான் 0.30 விழுக்காடும் இழப்பதாகக் கொண்டால், முழு வெயிலிலும் முன்னது 474 வாட்டுக்கும் பின்னது 483 வாட்டுக்கும் இறங்கிவிடும். பேனலுக்கு 9 வாட் வித்தியாசம். விற்பனைப் பேச்சில் இது ஏனோ பூதாகரமாகிவிடுகிறது. தூசி, இன்வெர்ட்டர் இழப்பு எல்லாம் போக, தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட்டுக்கு ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் அளவில் கிடைப்பதே வழக்கம்.

இருபுறமும் ஒளி வாங்கும் பேனலாக இருந்தால் கணக்கு மாறும். பின்புற ஒளியை டாப்கான் பெர்க்கைவிட நன்றாகப் பயன்படுத்தும். ஆனால் வெள்ளை கூலிங் டைல்ஸ் பதித்த தளத்தில், ஆள் நடமாடும் உயரத்துக்குச் சட்டம் அமைத்தால்தான் அந்தப் பலன் தெரியும். சிவப்புத் தட்டோட்டின் மேல் ஓரடி உயரத்தில் பொருத்தினால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. உயரமான சட்டம் காற்றோட்டத்தால் எந்த வகையின் சூட்டையும் தணிக்கும்.

மூப்பிலும் டாப்கானே மேல். பெர்க்கின் உற்பத்தி முதலாண்டு 2 விழுக்காடும் பின்னர் ஆண்டுக்கு 0.55 விழுக்காடும் வரை குறையலாம் என்று உத்தரவாதத்தில் எழுதுவார்கள்; டாப்கானுக்கு அவை பெரும்பாலும் 1, 0.4.

எனவே வாட்டுக்கு வாட் விலை வேறுபாடு நாலைந்து விழுக்காட்டுக்குள் இருந்தால் டாப்கானையே வாங்கலாம். அதற்கு மேல் கேட்டால், பெர்க்கை வாங்கி மிச்சப் பணத்தைச் சட்டத்தின் உயரத்துக்குச் செலவிடுவதே என் தேர்வு. மாலை மூன்று மணிக்குத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு பேனலின் மேல் விழுந்தால், அந்த 9 வாட்டைப்போல் பல மடங்கு அங்கேயே போய்விடும்.